அண்ணனைக் கலவானைக்கு அனுப்பிய நான்கு எழுத்துகள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு சனிக்கிழமை காலை, றக்வான டவுனில், இணையத்தில் வந்த ஒரு வரியை நான் சத்தமாக வாசித்தேன்.
2. அந்த வரி என் அண்ணன் சிவாவைப் பற்றியது.
3. வாசித்தது சரி. விளங்கிக்கொண்டது பிழை.
4. அந்தப் பிழையை முறைப்படி உறுதிப்படுத்தினேன்.
5. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பரிசம். அன்று பெண் வீட்டு வாசலில் பெண்ணின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
6. இரண்டு குடும்பமும் ஒரு பஸ் கண்டக்டரும் பார்த்திருக்க, என் அண்ணன் வாயைத் திறந்து காட்டவேண்டி வந்தது.

இப்படி இலக்கம் போட்டு எழுதினால் எல்லாம் சின்ன விஷயம் மாதிரித்தான் தெரிகிறது. அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது நான் கம்பியூட்டர் டிப்ளோமா முடித்துவிட்டு நசீர் நானாவின் கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். இரண்டு கம்பியூட்டர், ஒரு போட்டோ கொப்பி மெஷின், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு டெலிபோன் லைன். நான் இணையத்துக்குள் போனால் ஊரில் யாரும் கோல் எடுக்க முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிஷன் லய வீடுகளில் டிப்ளோமா வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். (இதை நான் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தவறியதில்லை.)

எங்கள் தோட்டத்தில் கிரிக்கட்டைவிட எல்லேக்குத்தான் மவுசு. மூங்கில் கம்பால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும். ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். சித்திரை வருடப் பிறப்புக்குத்தான் பெரிய போட்டி. ஆனால் உண்மையான ஆட்டம் தைக்கும் சித்திரைக்கும் இடையில், ஒரு பந்துகூட அடிக்காமல் நடக்கும். எந்த டீம் யாரை இழுக்கிறது, யாரைக் கொடுத்து யாரை எடுக்கிறது என்ற வாய் ஆட்டம்.

அந்த வருடம் இந்த வாய் ஆட்டம் இணையத்துக்கும் வந்துவிட்டது. சப்ரகமுவ எல்லே ரசிகர்களுக்கென்று யாரோ ஒரு அரட்டைப் பக்கம் தொடங்கியிருந்தார்கள். எல்லாம் சிங்களம், ஆனால் ஆங்கில எழுத்தில். அதில் ஒருவர் 'அத்துலே மினிஹா' என்ற பெயரில் எழுதினார். 'உள்ளே இருக்கிற மனுஷன்' என்று அர்த்தம். எந்த டீமின் உள்ளே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யார் யாருடன் எங்கே போனார், யார் யாரிடம் என்ன பேசினார் என்று புட்டுப் புட்டு வைப்பார்.

சனிக்கிழமைதோறும் எங்கள் லயத்து ரசிகர்கள் கடைக்கு வந்து, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். முக்கியமானவர்கள் இரண்டு பேர். பெக்டரியில் வேலை செய்த ஆறுமுகம் அண்ணன் எதையும் நம்புவார். மலையில் வேலை செய்த பெரியசாமி அண்ணன் எதையும் நம்பமாட்டார்.

"கலவானக்காரனுங்க அந்த நெட்டைய குடுத்தா நாம யார குடுக்கலாம்?" என்பார் ஆறுமுகம் அண்ணன். கலவான பக்கத்து ஊர், எங்கள் எதிரி டீம்.

"ஒன்ன குடுக்கலாம். பதிலுக்கு ஒரு தேங்கா குடுத்தாலும் நமக்கு லாபம்."

"வெளையாடாத பெரியசாமி. அத்துலே மினிஹா சொல்லியிருக்காரு, நெட்டைக்கும் அவனுங்க கெப்டனுக்கும் ஒத்துவரலயாம்."

"அந்தாளு யாருன்னே தெரியாது. மூஞ்சி தெரியாதவன் பேச்ச நம்பி நீ லீவு போட்டுட்டு வந்துருக்க."

நசீர் நானா முன்னால் இருந்து குரல் கொடுப்பார்: "தங்கச்சி, கோல் எடுக்க ஆக்கள் நிண்டுட்டு ஈக்காங்க. ஒங்கட எல்லேய வெளாடி முடிச்சிட்டு கொஞ்சம் லைன விடுங்களே."

நான் சும்மா வாசிக்கவில்லை. ஒரு கொப்பியில் அட்டவணை போட்டு, யார் எழுதியது எத்தனை தடவை சரிவந்தது என்று குறித்து, ஆட்களுக்குத் தரம் கொடுத்து வைத்திருந்தேன். அத்துலே மினிஹாவுக்கு நான் கொடுத்திருந்தது முதல் தரம். பெரியசாமி அண்ணன்கூட அந்தக் கொப்பிக்கு மட்டும் மரியாதை கொடுப்பார்.

அந்தச் சனிக்கிழமை அத்துலே மினிஹா எழுதியிருந்தது ஒரே வரி. 'கலவான கட்டியட்ட சிவா', அதன் பின்னால் எம், ஏ, ஆர், யூ. கடைசியில் 'ஷுவர்'.

கலவான கோஷ்டிக்கு சிவா மாரு. சிங்களத்தில் மாரு என்றால் இடமாற்றம். பஸ்ஸில் சில்லறை மாற்றினாலும் மாரு, டீச்சருக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைத்தாலும் மாரு. தமிழ்க் காதுக்கும் 'மாறு' என்றே கேட்கும். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சிவா கலவான டீமுக்கு மாறிட்டாராம். ஷுவராம்," என்று வாசித்தேன்.

வாசித்த பிறகுதான் அந்தச் சிவா எங்கள் வீட்டுச் சிவா என்பது மண்டையில் ஏறியது.

ஆறுமுகம் அண்ணன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். பெரியசாமி அண்ணன் என் கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தாளுக்கு நீங்க என்னா தரம் போட்டிருக்கீங்க?"

"முதல் தரம்," என்றேன்.

எங்கள் தோட்டத்து டீமின் கெப்டன் தர்மன் அண்ணன். லொறி ஓட்டுகிறவர். அவருடைய தங்கை கலாவைத்தான் சிவா அண்ணனுக்குப் பேசி முடித்திருந்தது. ஒரே டீமில் இருந்த பழக்கத்தில் வந்த சம்பந்தம் அது. கெப்டனின் தங்கையைக் கட்டப்போகிறவன் எதிரி டீமுக்குப் போகிறான் என்றால் அதற்குப் பிறகு பரிசத் தட்டுக்கு என்ன வேலை?

யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் அண்ணனையே கேட்டிருப்பேன். ஆனால் நான் படித்தவள். ஒரு தகவலை அதன் மூலத்தில்தான் சரிபார்க்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மத்தியானம் கடை அடங்கிய நேரம், அத்துலே மினிஹாவுக்கே ஒரு கேள்வி எழுதினேன்: சிவா, எம் ஏ ஆர் யூ, நிச்சயமா?

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அதே நான்கு எழுத்து, மூன்று தடவை. பின்னால் ஆச்சரியக்குறிகள்.

உறுதியாகிவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு ஏறிப் போனபோது அண்ணன் வாசலில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாகவே அவன் சரியில்லை. சிரிப்பதில்லை. வாய்க்கு முன்னால் கையை வைத்துப் பேசினான். திரும்பி இருந்து சாப்பிட்டான். அம்மா அதைக் கல்யாண வெட்கம் என்றார். நான் இப்போது அதற்கு வேறு தலைப்புப் போட்டுக்கொண்டேன்: குற்ற உணர்ச்சி.

"அண்ணே, நீ கலவானைக்கு போனியா?"

சப்பாத்து கையிலிருந்து விழுந்தது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?" கை மறுபடி வாய்க்குப் போனது. "கலாவுக்கு?"

"இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு தரம் போனேன் புள்ள. அளவெல்லாம் எடுத்துட்டாங்க. ஆனா பரிசத்துக்கு முந்தி தரமுடியாதுன்னுட்டாங்க. பரிசம் முடிஞ்சி வாற செவ்வாக்கெழமதான் கெடைக்குமாம்."

டீ-ஷர்ட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறான்! அதைப் பரிசத்துக்குப் போட்டுக்கொண்டு போகவேறு நினைத்திருக்கிறான்!

"வெக்கமா இல்லியா ஒனக்கு?"

"வெக்கமாத்தானே இருக்கு," என்றான் என் அண்ணன், பரிதாபமாக. "ஞாயித்துக்கெழம நானே அவங்க வீட்ல சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் என்கிட்ட பேசாதீங்க."

அதுவரை யாரும் பேசவும் இல்லை. புதன்கிழமை தர்மன் அண்ணனின் லொறி எங்கள் லயத்தைத் தாண்டிப் போனது; எப்போதும் அடிக்கிற ஹோர்ன் அடிக்கவில்லை. வியாழன் அம்மா பீலியடிக்குத் தண்ணிக்குப் போனபோது பேச்சு நின்றதாம். வெள்ளி இரவு அப்பா, "தட்டு எத்தன?" என்று கேட்டார். அம்மா, "மொதல்ல கதவ தொறக்கட்டும்," என்றார். நான் கொப்பியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை என்னென்ன நடக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். ஏழு வழி வந்தது. ஏழிலும் கல்யாணம் நின்றது.

கலா வீடு கீழ்டிவிஷனில், பஸ் கடைசியாக நிற்கிற இடத்துக்கு முன்னால். தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போனோம். கண்டக்டர் பண்டா எங்களுக்கு எப்போதும் பழக்கம். அன்று டிக்கட்டும் கையுமாக வந்து, அண்ணனின் தோளைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் வெற்றிலைத் தட்டு என் பக்கம் சரிந்தது.

தர்மன் அண்ணன் வாசலில் நின்றார். கையைக் கட்டியிருந்தார்.

"வாங்க மாமா, வாங்க அத்த," என்றார் என் அப்பாவிடமும் அம்மாவிடமும். பிறகு அண்ணனைப் பார்த்தார். "நீ நில்லு. ஒரே ஒரு கேள்வி. நீ கலவானைக்கு போனியா இல்லியா?"

அண்ணன் ஆம் என்று தலையை ஆட்டினான்.

"நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?"

அண்ணன் வாயே திறக்கவில்லை.

"டீம சொல்லாம கொள்ளாம விட்டுட்டு போறவன், நாளைக்கு என் தங்கச்சிய விட்டுட்டு போகமாட்டான்னு என்னா நிச்சயம்?"

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பொய்த் தகவல் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். (ஆம், அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பயம்.)

"அவன திட்டாதீங்க தர்மண்ணே. வெளிய சொன்னது நான்தான். ஆனா சும்மா சொல்லல. 'கலவான கட்டியட்ட சிவா மாரு'ன்னு எழுதியிருந்திச்சு. திரும்பவும் கேட்டேன். 'மாரு, மாரு, மாரு'ன்னு பதில் வந்திச்சு."

எனக்குப் பின்னால் ஒரு ஓலம் கேட்டது. பஸ் திரும்பும்வரை அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பது கண்டக்டர் பண்டாவின் வழக்கம். கோப்பையோடு முற்றத்தில் நின்றவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ நங்கி! மாரு நெவெயி! மாரு இல்ல தங்கச்சி! மரு! மரு!"

எல்லோரும் திரும்பினோம்.

"நான்தானே எழுதினது," என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். "போன வருஷம் கலவான ஆளுங்களுக்கு சிவா அடிச்ச அடி! அவங்களுக்கு சிவா மரு. மரு தெரியாதா? யமன்! சூப்பர்! நங்கி கேட்டது, நான் சொன்னது: மரு, மரு, மரு!"

மாரு என்றால் மாற்றம். மரு என்றால் யமன். பொடியன்கள் பேச்சில் பிரமாதம். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் அதே நான்கு எழுத்து. நான் படித்த சிங்களம் கந்தோர்ச் சிங்களம், அரசாங்க அலுவலகக் கடிதங்களில் வருவது. அதில் இடமாற்றம் உண்டு, பிரமாதம் கிடையாது.

"நீங்கதான் அத்துலே மினிஹாவா?" என்றேன்.

"பஸ்ஸுக்கு உள்ள நிக்கிற மனுஷன் நான்தானே நங்கி. எல்லா டீமும் நம்ம பஸ்லதான் போறது. காது இருக்குதானே."

மத்தியானத்தில் பஸ் நிற்கும் நேரம், நசீர் நானா கடையின் இரண்டாவது கம்பியூட்டரில் உட்கார்ந்துதான் எழுதுவாராம். நான் கேள்வி எழுதிய அன்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறடி தூரத்தில் இருந்து பதில் போட்டிருக்கிறார். நான் மூலத்தில் சரிபார்த்தது உண்மைதான். திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தர்மன் அண்ணனின் கை இன்னும் அவிழவில்லை. "அப்ப கலவானைக்கு என்னாத்துக்குடா போன?"

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "அதான் எல்லாருக்கும் தெரியும்னு தங்கச்சி சொன்னுச்சே."

"என்னா தெரியும்?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. பிறகு மெதுவாக, மழைக்காலத்துக் கதவு மாதிரி, வாயைத் திறந்தான். மேல் வரிசையில் இடதுபக்கம் ஒரு பல் இல்லை.

"பல் கட்டத்தான் போனேன். றக்வானைல போனா எல்லாரும் பாப்பாங்கன்னு கலவானைக்கு போனேன்."

"எப்பிடிடா ஒடஞ்சிச்சு?"

"ப்ரெக்டிஸ்ல. பந்து பட்டு."

"யாரு எறிஞ்ச பந்து?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "சொன்னா பரிசத்தன்னைக்கு ஒங்க மனசு கஷ்டப்படும்னுதான் மச்சான் சொல்லல."

தர்மன் அண்ணனின் கை தானாக அவிழ்ந்தது. உள்ளறையிலிருந்து கலாவின் குரல் வந்தது:

"ரெண்டு வாரமா கைய வாயில வச்சிக்கிட்டு எங்க டிவிஷன் கடைக்கு வாறாரு. பல்லு போனது எனக்கு அன்னைக்கே தெரியும். எல்லாரும் உள்ள வாங்க, சோறு ஆறுது."

தர்மன் அண்ணன் அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். பண்டா இரண்டாவது கோப்பை தேத்தண்ணிக்கு உட்கார்ந்தார். பஸ் அன்று அரை மணித்தியாலம் பிந்தித்தான் புறப்பட்டது.

இப்போதைய நிலைமை இதுதான். அண்ணனுக்கும் கலாவுக்கும் கல்யாணம் நடந்தது. அவன் எங்கள் தோட்டத்து டீமில்தான் ஆடுகிறான். நான் இரத்தினபுரியில் ஒரு கந்தோரில் கம்பியூட்டர் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே என்னை நம்புகிறார்கள். வீட்டில் நிலைமை வேறு. எழுத்தில் வரும் எதையும் யாரும் என்னிடம் வாசிக்கத் தருவதில்லை. போன மாதம் அண்ணன் குழந்தையின் கிளினிக் அட்டையில் நர்ஸ் ஏதோ எழுதிக் கொடுத்திருந்தார். நான் கையை நீட்டினேன். அண்ணி அட்டையை எடுத்துக்கொண்டு, கண் சரியாகத் தெரியாத பெரியசாமி அண்ணனிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னார்.