இரண்டு அங்குலம் உயர்ந்த வண்டி

அறந்தாங்கி,
கார்த்திகை 12

தோஹாவில் வசிக்கும் மைத்துனர் திரு. ரகுநாத் அவர்களுக்கு, ஆவுடையப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா சொர்ணவல்லியும் மகள் காவ்யாவும் நலம். உன் நலத்தை நீயே நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்பதால் கேட்கவில்லை. 'அன்புள்ள' என்று தொடங்காததும் வேண்டுமென்றேதான். தை மாதம் காவ்யா கல்யாணத்தில் தாய்மாமனாக நீ வந்து நிற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யவே இந்தக் கடிதம்.

விஷயம் என் புதுக் காரைப் பற்றியது. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. சம்பந்தி வீடு ஆவுடையார்கோவிலில். போகிற வழியில் ஊருக்கு இரண்டு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு உரசியது. வண்டியை உயர்த்தலாமா என்று உன் அக்கா உன்னிடம் போனில் கேட்டுவிட்டு வந்து, "தம்பி தாராளமா ஒசத்தச் சொல்றான்" என்றாள். காவ்யாவை இன்ஜினியரிங்கில் போடாதீர்கள் என்று நீ சொன்னதற்காகவே அதில் போட்டவன் நான். இந்த ஒருமுறை உன் பேச்சைக் கேட்டேன். ஏன் தெரியுமா?

எங்கள் கல்யாணத்தன்று திருவரங்குளத்திலிருந்து உன் அப்பாவின் பழைய அம்பாசிடரில் பதினோரு பேர் ஏறி வந்தோம். பின்பக்கம் தரையைத் தொட, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. சமன் செய்கிறேன் என்று நீ பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். பத்தொன்பது வயது உனக்கு. வழியெல்லாம் திரும்பித் திரும்பி, "மச்சான், பள்ளம் வருது, அக்காவப் பிடிச்சுக்கங்க" என்று கத்திக்கொண்டே வந்தாய். நான் அவள் கையைப் பிடித்தது அப்படித்தான். அந்த வண்டிக்கு வாரண்டி என்ன, கதவுக்குக் கைப்பிடிகூடக் கிடையாது. அறந்தாங்கி வரும்வரை சிரித்து வயிறு வலித்தது. பிறகு நீ எவ்வளவோ செய்துவிட்டாய். என் வீடு பால்காய்ச்சுக்கு வராமல் ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பியதை நான் மறக்கவில்லை. ஆனாலும் பள்ளம் மேடு பற்றி நீ சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை என்று நம்பினேன்.

மெக்கானிக் குழந்தைசாமி ஸ்பிரிங்குக்கு மேலே கட்டையாக இரண்டு ரப்பர் துண்டு வைத்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினார். புதுச் சாமான் என்பதால், மாட்டுவதற்கு முன் உன் அக்கா அவற்றுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். ஒரு மாதம் கலெக்டர் வண்டி மாதிரி நின்றது. அப்புறம் டொக் டொக் என்று சத்தம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகல். புதுக்கோட்டை சர்வீஸ் சென்டரில் விட்டேன். உயர்த்தியதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கார்த்திகா என்ற பெண், காவ்யா வயதுதான் இருக்கும், வண்டியைத் தூக்கி நிறுத்தி என்னை அடியில் கூப்பிட்டாள். "சார், கம்பெனி ஸ்பிரிங்குக்கு நாங்க பொட்டு வைக்கிறதில்ல" என்றாள்.

பொட்டு சாட்சியமாகாது என்று வாதாடினேன். அவள் பொறுமையாக விளக்கினாள். உயரம் கூடினால் ஷாக் அப்சார்பர் எந்நேரமும் இழுபட்டே நிற்குமாம், சீல் பிய்ந்துவிடுமாம், நாமாக மாற்றியதால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாதாம். எஞ்சினுக்கும் ஏசிக்கும் அப்படியே இருக்கிறதாம். "புக்குல போட்டிருக்கு சார். நீங்க வாத்தியார்தானே, படிக்கலையா?" என்றாள். இரண்டு எம்.ஏ. வாங்கிய நான் காருக்கு அடியில் குனிந்து நின்றேன். எல்லாம் உன் யோசனையால்.

ஆகவே, தையில் லீவு கிடைப்பது சந்தேகம் என்று சொன்னாயே, நல்லதாயிற்று. கிடைத்தாலும் வர வேண்டாம். தாய்மாமன் முறைக்கு உன் சித்தப்பா மகன் ராசுவிடம் சொல்லிவிட்டேன். நீ சகல சௌபாக்கியத்துடன் அங்கேயே இருக்க ஆத்மநாதரை வேண்டும்,

ஆவுடையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி ஒசத்தவே வேணாம்னான், வாரண்டி போயிரும்னான். நீங்க அவன் சொல்றதுக்கு எதிராத்தான செய்வீங்க, அதான் மாத்திச் சொன்னேன். அவன் பேச்சக் கேப்பீங்கன்னு நான் கண்டேனா?" எனக்கே தெரியாது மாப்பிள்ளை. ராசுவிடம் சொன்னதாக எழுதியது பொய். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. உனக்கு எந்தத் தேதியில் லீவு என்று சொல். அந்தத் தேதியையே போடுகிறேன். சம்பந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்.