இரவல் ஃப்ரிட்ஜ்

"சார், எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. என் காலேஜ் ஃபீஸ நீங்கதான் கட்டணும்."

இப்படி யாரிடமும் கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்த்தவள் அம்மா. சலவைக்கடையில் ஊரார் சட்டையை மடித்து மடித்து, தன் மானத்தையும் மடிப்புக் கலையாமல் வைத்திருப்பவள். 'இல்லை' என்ற சொல் அவள் வாசலைத் தாண்டியதே இல்லை. மகள் தாண்டவிட்டாள். வாயாடி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

உதவித்தொகை அலுவலர், "வெள்ளிக்கிழமை வீட்டைப் பாக்க வர்றேன்" என்றார்.

வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து அவரைக் கூட்டி வந்த வாயாடி, கதவைத் திறந்ததும் மலைத்து நின்றாள். அந்த ஒற்றை அறையில் ஒரு சோபா. ஆள் உயர ஃப்ரிட்ஜ்.

"என்னம்மா இது?"

"வந்தவரை வெறுந்தரையிலயா உக்கார வைப்பாங்க?"

"சார், இது எல்லாம் எதிர்வீட்டு அக்காவோடது. இரவல்!"

"அப்படியா?" அலுவலர் சோபாவில் புதைந்தார்.

"நம்பலையா? இருங்க." ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். முட்டை, வெண்ணெய், பாதி கேக். அக்கா உள்ளே இருந்ததைக்கூட எடுக்காமல் தந்திருந்தார்.

"எங்க வீட்ல கேக்கு பொறந்தநாளுக்கு மட்டும்தான்" என்றார் அலுவலர்.

வாயாடி ஓடிப்போய் அக்காவையே இழுத்து வந்தாள். "உண்மையச் சொல்லுங்கக்கா, இது யாரோட ஃப்ரிட்ஜு?"

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "உங்களோடதுதான். நாங்கதான் ஒரு ஓரமா முட்டை வச்சுக்குறோம்."

அலுவலர் பேனாவை மூடினார். "நிஜமாவே இல்லாத பிள்ளைங்க வரிசையில நிக்குதும்மா."

அவர் தலை மறைந்ததும் வாயாடி வெடித்தாள். "தரையில உக்கார வச்சிருந்தா நான் படிச்சிருப்பேன். உன் மானத்துக்கு சோபா கேக்குதா?"

அம்மா சோபாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சேரவேண்டிய வெளியூர்க் கல்லூரியின் விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள். விடுதியிலேயே தங்கிக் கழுவினால் ஃபீஸ் கழியும். வாயாடி நின்ற இடத்திலேயே ஃபோன் போட்டாள். "இன்னைக்கே வந்துடுறேன்."

"எச்சில் தட்டு கழுவியா படிக்கணும்?" என்றாள் அம்மா. "எங்க கடையில ஒரு வேலை காலியா இருக்குடி. ரெண்டு பேருமா சேந்து போயிட்டு வரலாம்."

"உன் மானத்த நீயே மடிச்சு வச்சுக்க. நான் போறேன்."

அம்மா அவளுடைய சட்டைகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். கடையில் மடிப்பதைவிட ரொம்ப மெதுவாக.

வாயாடி பையைத் தோளில் மாட்டினாள். 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை.

படியிறங்கும்போது, சோபா மெத்தைகளைத் திரும்ப எடுத்துப்போக வந்த எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை. அக்காவின் குரல்தான் பின்னாலேயே இறங்கி வந்தது:

"மானமாவது ஒண்ணாவது, கண்ணு! 'அந்தாளு பணம் குடுத்துட்டா இவ என்னை விட்டுப் போயிடுவாக்கா'ன்னு அழுதுக்கிட்டே வந்துதானே உங்கம்மா எங்கிட்ட ஃப்ரிட்ஜு கேட்டா!"