இங்கிருந்து ஓர் இணுக்குகூட வரக் கூடாது

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே கீரையைத் தவிர எல்லோரும் நலம். அங்கே மகளும் நீங்கள் கீரை போட்டிருக்கும் நிழல்வலைக் குடிலும் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த கீரைக்கு வைரஸ் வந்துவிட்டது. இலை மஞ்சளானதும் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வைத்தேன். சத்துக் குறைந்தால் பாத்தி முழுக்க ஒரே மாதிரி வெளுக்குமாம், அதுவும் பெரும்பாலும் அடியிலைதான் முதலில். இதுவோ இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தாவித் தாவி வருகிறது, பக்கத்துச் செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது, கொழுந்திலேயே நரம்பெல்லாம் மஞ்சளாகி இலை சுருண்டுகொள்கிறது. விவசாய அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் போட்டால், "இலையைத் திருப்பிப் பாருங்க சார், வெள்ளை ஈ இருக்கும். அதுதான் செடிக்குச் செடி கொண்டுபோகுது. மருந்து கிடையாது, பிடுங்கி எரிச்சிடுங்க"ன்னு நிதானமாச் சொல்லுது. திருப்பினேன் மாப்பிள்ளை, அடியெல்லாம் வெள்ளை ஈ. அத்தனையும் பிடுங்கி எரிச்சேன், கத்தியைக் கொதிக்க வெச்சேன், போட்டிருந்த சட்டையையும் கொதிக்க வெச்சேன். தெருவுல எனக்கு ‘ஈ டாக்டர்’னு பேர் வெச்சாச்சு. "வைரஸ் கீரைக்கு வந்துதா, உங்களுக்கு வந்துதா?"ன்னு உங்க அத்தை கேக்கறா.

அவளுக்கென்ன தெரியும். என் கீரை போனால் கடையில் வாங்கிக்கொள்வேன், உங்களுக்கு அதுதானே சோறு. உங்கள் குடிலுக்குள் இது நுழைந்தால் என் மகள் கதி என்ன? ஆகவே நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம், அவளையும் அனுப்பவேண்டாம். பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்குவோம். இங்கிருந்து ஓர் இணுக்குகூட அங்கே வரக் கூடாது.

உங்கள் பாத்திகள் பச்சை மாறாமல் இருக்கட்டும். இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தூக்கம் போன மாமனார்

பி.கு.: நேரில் பார்த்தால்தானே நோய் உங்களுக்கு அடையாளம் தெரியும். அதற்காக, எரிப்பதற்கு முன் ஒரு கொழுந்தை ஈரத்துணியில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். இலை புழுங்கிப்போகாமல் இருக்க உங்கள் அத்தை உறை முழுக்க ஊசியால் ஓட்டை போட்டாள். நேரே குடிலுக்குள்ளேயே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கும்படி பார்சல் வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வைக்கும்போது இலைக்கு அடியில் வெள்ளை ஈ நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.