மூணுசிங்கம் வாங்கிய தங்கக் காசு

இந்திய அரசாங்கத்தைத் துளிச் சந்தேகமும் இல்லாமல் நம்புகிற மனிதர், நாடு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் ஆரணியில், என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். 'மூணுசிங்கம்' என்றால் பட்டுக்கடை முதலாளிகளுக்குக்கூடத் தெரியும். சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்ட சமயத்தில் வந்த பெயர் அது. ஒரு காசில் கோடு அதிகம், இன்னொன்றில் குறைவு, அதனால் இரண்டில் ஒன்று கள்ளக்காசு என்று பேச்சு. பூக்காரம்மா முதல் மருந்துக்கடை வரை கையை உதறினார்கள். இவர் மட்டும் வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"கோட்ட இன்னாத்துக்குப் பாத்துகினு இருக்கீங்க? மூணு சிங்கம் நிக்குதா? நின்னா அது காசு!"

சேவூர் மினி பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் காசை வாங்க மறுத்தார்.

"இன்னாங்க பெரியவரே, பேஜார் பண்ணிகினு. நோட்டு இருந்தா ஜல்தியா குடுங்க."

சட்டைப் பையில் நோட்டு இருந்தது. எடுக்கவில்லை. "சிங்கத்த நம்பாத வண்டியில எனக்கு இன்னா வேல?" என்று இறங்கி, உச்சி வெயிலில் சேவூருக்கு நடந்தே போனார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ஒருநாள் ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அரசாங்கமே அச்சடித்த தங்கக் காசு, கடை விலையைவிட மலிவு என்றான். மூணுசிங்கம் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காசைத் திருப்பிப் பார்த்தார். சிங்கங்கள் கம்பீரமாக நின்றன. நகைக்கென்று சேர்த்ததை அப்படியே கொடுத்துவிட்டார்.

சங்கிலி செய்யக் கொடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். பத்தர் ஒரு காசை உரைகல்லில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"செம்புங்க. மேல முலாம் பூசிக்கறான்."

"சிங்கம் இருக்குதே?"

"சிங்கம்லாம் இருக்குதுங்க. தங்கம்தான் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனார்.

"எவ்ளோங்க போச்சு?" என்று கேட்டார் ஏட்டு.

"எம் பணம் கெடக்கட்டும் சார். அரசாங்கத்து சிங்கத்த ஒருத்தன் செம்புல அடிச்சு வித்துகினு திரியறான். நாளைக்கு நெஜக் காச ஜனம் எப்டி நம்பும்? அத மொதல்ல எழுதுங்க."

ஏட்டு அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னபடியே எழுதினார்.

பக்கத்து ஊரான சந்தவாசலில் இதே வேலையைக் காட்டியபோது அந்த ஆள் அகப்பட்டான். பணம் வரவில்லை. மகளிடம் சொல்லத்தான் மூணுசிங்கம் தவித்துப்போனார். வேலூரில் நர்ஸாக இருக்கிற அந்தப் பெண், "கவரிங் போட்டுகினா கல்யாணம் ஆவாதாப்பா?" என்று பேச்சை முடித்துவிட்டாள். மணவறையில் யாராவது சங்கிலியை உற்றுப் பார்த்தால், "கவரிங்குங்க" என்று அவளே சொன்னாள். பக்கத்தில் நின்ற அப்பா தலையாட்டி அதை உறுதிப்படுத்தினார்.

அடுத்த தெருவில், இப்போது கொடுப்பதில் பாதி வாடகைக்கு, என் கடைக்கு இடம் கிடைத்தது. மூணுசிங்கத்தின் பக்கத்தை விட்டுப் போகவில்லை. கேட்பவர்களிடம், இங்கேதான் ஜெராக்ஸுக்கு ஆள் வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.