நீ மினுக்கிய செம்பு

வெள்ளவத்தை

அன்புத் தம்பி கஜீவனுக்கு,

அக்கா சுபோதினி எழுதுவது. அத்தானும் நானும் சுகமாக இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும், ஏனென்றால் இதை நீ கடைசிவரை வாசிக்கவேண்டும்.

போன மாதம் உங்கள் பேராசிரியை ஐறீனின் முன்னால், உங்கள் பிளாஸ்மா காற்றுச் சுரங்கத்தில் செப்புத் தட்டில் ஏறிய வெப்பம் என் கணிப்பைவிட ஒன்றரை மடங்கு என்று காட்டி, "அக்கான்ர கணக்குப் பிழை, எங்கட ஆய்வுக் கட்டுரையில அவவின்ர பெயர் வேண்டாம்" என்றாய். விண்ணிலிருந்து திரும்பும் கலம் எவ்வளவு சுடும் என்று அறியத்தானே அந்தச் சுரங்கம். அதற்குள் வாயு அவ்வளவு ஐதானது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டுவதே அரிது, அதை ஆறுபோல ஓடுவதாக வைத்துக் கணிக்க முடியாது, மாதிரிக்கு எடுத்த ஒவ்வொன்றின் பின்னாலும் கணினியில் போகவேண்டும். போனேன். கரண்ட் போனது. திரும்பத் தொடங்கினேன், திரும்பவும் போனது. அத்தான், "காத்தே இல்லாத இடத்தில காத்துக்கு என்ன கணக்கு? விட்டுப்போட்டுச் சாப்பிட வாரும்" என்றார். நான் விடவில்லை. பிழையைத் தேடித் தேடி, கடைசியில கணக்கை விட்டுட்டு உன்னை யோசிச்சன். நீ அளந்தது, பெரிய ஆக்கள் சுரங்கம் பார்க்க வந்த கிழமை. சின்னனில எங்கட கொட்டாஞ்சேனை வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டால் பித்தளை எல்லாத்தையும் நீதானே மினுக்கிறனி! உடன போன் எடுத்தன்.

"டேய், அந்தத் தட்டைத் தேய்ச்சனியோ?"

"கறுத்துப்போய்க் கிடந்தது அக்கா. வந்தவை பாத்தா என்ன நினைப்பினம்?"

"என்னத்தால தேய்ச்சனி?"

"தேசிக்காய்ப் புளியும் உப்பும்."

அடப்பாவி! நான் கணிச்சது கறுத்த செம்புக்கு. மினுங்கிற செம்பில, மூலக்கூறு உடைஞ்சு பிரிஞ்ச ஒட்சிசன் அணுக்கள் கனக்கத் திரும்பச் சேர்ந்து, சேர்ந்த சூட்டைத் தட்டிலேயே விட்டிட்டுப் போகும். அந்த ஒண்டை மட்டும் மாத்தி ஓட்டினன். உன்ர அளவும் என்ர கோடும் ஒட்டிக்கொண்டு நிக்குது! ஐறீனுக்கு அனுப்பினன். "சுபோதினியின் பெயர் இருக்கும்" எண்டு பதில் வந்தது. அத்தான் காதைப் பொத்துமட்டும் அதை வாசிச்சுக் காட்டினன்.

இனி அந்தத் தட்டில் உன் கை படக்கூடாது. பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளும், செம்பைக் கண்டால் தூர நிற்கும் புத்தியும் தரட்டும்.

என்றும் அன்புடன்,
பிழைவிடாத அக்கா

பி.கு.: ஐறீனின் அடுத்த மின்னஞ்சல் இப்போதுதான் வந்தது. கறுத்த செம்புக்கும் மினுக்கிய செம்புக்கும் உள்ள வித்தியாசந்தானாம் இனிக் கட்டுரையே. இன்னொரு தட்டையும் அதேபோல மினுக்கட்டாம். நல்லா அழுத்தித் தேய், தம்பி. கட்டுரையில் முதற்பெயர் உன்னுடையதாம்.