மேவிஸும் மூன்று தாழம்பாய்களும்

புயலே வந்தாலும் மேவிஸை விட்டு இறங்குவதில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை லெஸ்டர் சபதம் செய்தார். கேப்டன் என்றால் கடைசிவரை கப்பலோடு இருக்க வேண்டுமாம். கப்பல் என்று அவர் சொன்னது பதினோரு மீட்டர் பாய்மரப் படகு. அடுப்படியிலிருந்து கை நீட்டினால் கட்டில், கட்டிலிலிருந்து கால் நீட்டினால் கக்கூஸ். பிரிஸ்பேனில் இருந்த வீட்டை விற்று வாங்கியது. மேவிஸ் அவருடைய அம்மாவின் பெயர். அந்தம்மா இருந்தவரை லெஸ்டரின் மனைவி நோரீனுக்கு மாமியார் கொடுமை கரையில் இருந்தது. அவர் போன பிறகு அது கடலுக்கு வந்துவிட்டது.

பிஜியின் வனுவா லேவு தீவில், புயல் காலத்தில் படகுகள் ஒதுங்கும் அலையாத்திக் கழி ஒன்றில் மேவிஸ் நின்றது. லெஸ்டர் பாய்களைக் கழற்றி உள்ளே திணித்தார். நாலு பக்கமும் மரங்களில் கயிறு போட்டு இறுக்கினார். பக்கத்துப் படகு நியூசிலாந்துக்காரர் கஸ்ஸுடையது. தனிக்கட்டை. அவருக்கும் அதே சபதம். இருவரும் ரம் ஊற்றிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். எல்லோரும் தேவாலயக் கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று ரேடியோ தொண்டை கிழியக் கத்தியதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவியை மட்டும் கரையில் இறக்கிவிடுவது லெஸ்டரின் திட்டம். நோரீன் அழுவார், தன்னையும் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துக் கம்பீரமான பதில்களாக யோசித்து வைத்திருந்தார். மதியம் புயல் என்று தெரிந்த வியாழக்கிழமை காலை, நோரீன் தேநீரை அவர்முன் வைத்தார்.

"லெஸ், நீ கரைக்குப் போ. நான் மேவிஸோட இருக்கேன்."

"என்னது?"

"உன் நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட். உக்காந்தா எந்திரிக்க முடியல. கயிறு அறுந்தா யாரு ஓடுறது? நான் பாத்துக்கறேன்."

"இங்க கேப்டன் நானா, நீயா?"

"நீதான். ஆனா நீ போட்ட நங்கூரம் என்னிக்கு ஒழுங்காப் பிடிச்சிருக்கு? ஒவ்வொரு தடவையும் நான்தான எடுத்துத் திருப்பிப் போடுறேன்?"

சொல்லிவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைப் பாய்மரத்தில் முடிந்தார். உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தார்.

"நோரீ, கிறுக்குப் பிடிச்சிருச்சா? இது என்ன காத்துன்னு தெரியுமா? மரத்த வேரோட பிடுங்கும்!"

"நேத்து ஒண்ணும் ஆகாதுன்னியே."

"அது நான் இருக்கறதப் பத்திச் சொன்னது!"

"காத்து ஆள் பாத்தா அடிக்கும்?"

"படகு கவுந்தா கதவு திறக்காது. உள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிச் சாவே!"

"அப்படியா? இத்தன நாள் சொல்லவே இல்ல. சரி, நீ கிளம்பு, காத்து ஏறுது."

இரண்டு நாளாகத் லெஸ்டர் தனக்குத் தானே மறைத்து வைத்திருந்த பயமெல்லாம் இப்போது மனைவியின் பேரில் வெளியே வந்தது. கெஞ்சினார். மிரட்டினார்.

"நானும் வர்றேன்டி! ரெண்டு பேருமே போயிருவோம். மேவிஸ் எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

"உங்கம்மாவ அப்படியெல்லாம் சொல்லாத. சரி, இவ்வளவு கெஞ்சுற. உனக்காக வர்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாதத்தில் முதல் முறையாக ஜெயித்த பூரிப்போடு லெஸ்டர் சிறு படகைக் கரைக்கு ஓட்டினார். அந்தப் பூரிப்பு கூடத்து வாசல்வரை நிலைத்தது.

"வாங்க நோரீன் அக்கா!" என்றாள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லிட்டியா. "செவ்வாக்கிழம நீங்க வந்து சொன்னபடியே ஜன்னல விட்டுத் தள்ளி மூணு பாய் போட்டு வெச்சிருக்கேன்."

மூன்று தாழம்பாய்கள். நடுப்பாயில், இரண்டு நாளாக லெஸ்டர் படகெல்லாம் தேடிய அவருடைய தலையணை. அதன்மேல் நெஞ்சு மாத்திரை. பக்கத்தில் மடித்த இரவு உடை. என்னவோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் கூரைத் தகரம் அலற ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பேச்சுக்கு இடமில்லை. நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார்.

மறுநாள் காலை மேவிஸ் சதுப்பில் ஒருக்களித்துக் கிடந்தது. பாய்மரம் முறிந்திருந்தது. லெஸ்டர் படுக்கும் கட்டில் வழியாக ஒரு மரம் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. கஸ்ஸின் படகு கட்டிய இடத்திலேயே கீறல்கூட இல்லாமல் நின்றது. கஸ்தான் இல்லை. கயிற்றை இறுக்க மேலே வந்திருக்க வேண்டும். வேர்களுக்கு நடுவிலிருந்து மதியம் அவர் உடலை எடுத்தார்கள். ஊர் ஆண்களோடு லெஸ்டரும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் நோரீன் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது பாயில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இது கஸ்ஸுக்கா?"

நோரீன் தலையாட்டினார்.

"அவனக் கூப்பிட்டியா?"

"உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்டதான் சொன்னேன். 'நீ கரைக்குப் போ கஸ், உன் படகுல நான் இருக்கேன்'னு."

"என்ன சொன்னான்?"

"'தாராளமா வந்து இரு, எனக்கும் பேச்சுத் துணையாச்சு'ன்னான்."

அதற்குமேல் நோரீனால் பேச முடியவில்லை. பாயை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். லெஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். கஸ்ஸுக்காகவும் அழுதார், மேவிஸுக்காகவும் அழுதார், தான் பிழைத்துக் கிடப்பதற்காகவும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கத் தைரியம் வந்தது.

"நோரீ, நிஜத்தச் சொல்லு. நான் அசையாம இருந்திருந்தா, எனக்காக நீயும் மேவிஸ்ல இருந்திருப்பியா?"

நோரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கம்மாகூடவா? செத்தாலும் மாட்டேன்."