மாமியின் சோளத்தில் நான் போட்ட கோடு

பெண் வீட்டார் முன்னால் “தெரியாது” என்று சொல்லும் மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. எனக்கு நகரத்தில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை. எனக்குப் பேசியிருந்த சுகந்தியின் தாய், என் வருங்கால மாமி, நகரத்துக்கு வெளியே ரூஜுக்கு வடக்கே குத்தகைக்கு நிலம் எடுத்துச் சோளம் போட்டிருந்தார். அன்று உரம் போட வேண்டிய மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வானமோ இருண்டு வந்தது.

“தம்பி, ட்ரக்டர் ஓடுவியளோ?”

“ஓம் மாமி.” (புல்லு வெட்டுற மெஷின் ஓடியிருக்கிறன். நாலு சில்லுதானே!)

ட்ரக்டருக்குப் பின்னால் உரத்தொட்டி. அதன் அடியில் சுழலும் தட்டு, வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாகக் கலந்த உர மணிகளை இருபுறமும் விசிறியது. எஞ்சின் சத்தத்துக்கு மேலாக மாமி ஏதோ கத்தினார். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. திரும்பிப் பார்த்தால் பயிர் நசிந்தது. பார்க்காவிட்டால் உரம் விழுகிறதா என்று தெரியவில்லை. உரம் விழுந்த இடத்தில் திரும்பவும் எதற்கு என்று, ஒவ்வொரு தடத்தையும் நன்றாகத் தள்ளியே பிடித்தேன். மழையின் முதல் துளி விழ, வயல் முடிந்தது. தொட்டியில் பாதி உரம் அப்படியே கிடந்தது.

“ஏன் தம்பி இவ்வளவு மிச்சம்?”

“சிக்கனமாப் போட்டனான் மாமி.”

மாமி தொட்டியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

அதன்பிறகு சுகந்தி போன் எடுக்கும்போதெல்லாம் பேச்சை வயல் பக்கம் போகவிடாமல் திருப்பினேன். நிச்சயார்த்தத்துக்கு முதல் வாரம் இரு வீட்டுச் சொந்தமும் வயல் பார்க்க வந்தது. வீதியிலிருந்தே தெரிந்தது: கரும்பச்சை, மஞ்சள், கரும்பச்சை, மஞ்சள். தட்டு ஓரங்களில் கொஞ்சமாகத்தான் எறியும். அந்த ஓரத்தின் மேல் அடுத்த தடமும் விழ வேண்டும். மாமி அன்று கத்தியது அதைத்தான்.

“உது சோளமோ, நான் இடுப்பில கட்டுற வரிச்சாரமோ?” என்றார் மாமா, முதுகைப் பிடித்தபடி.

மாமி என் கையில் ஒரு வாளி உரத்தைத் தந்தார். புதுச் சட்டையோடு மஞ்சள் வரிசைக்குள் இறங்கினேன். பக்கத்து வரிசையில் இன்னொரு வாளியோடு சுகந்தி வந்தாள்.

“தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நீர் என்னைக் கட்டுவீரோ?”

“இப்ப கட்டுறன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

வரிசை முடியும்வரை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

கட்டினாள். ஆனால் குடும்ப விருந்துகளில் இன்றுவரை என்னைப் பரிமாற விடுவதில்லை. போன மாதம் ஒரு பிறந்தநாளில் புரியாணிக் கரண்டியைத் தொட்டேன். மண்டபத்தின் மறுமுனையிலிருந்து மாமி எழும்பிவிட்டார்.

“அதை அவரிட்டை இருந்து வாங்குங்கோ! ஒரு வரிசைக்கு இறைச்சி போகும், மற்ற வரிசைக்கு வெறுஞ்சோறுதான்!”